வரகு மயக்கமும் கொட்டகைச் சிரிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர், இந்தத் தாள்களைக் கையில் எடுத்திருப்பவர் யாராயினும் தங்களுக்கு என் வணக்கம். நான் முறையாகப் பள்ளியில் பயின்றவன் அல்லன். பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள்களையும், சுவரில் ஒட்டிய சினிமா விளம்பரங்களையும் எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழ் கற்றுக்கொண்டவன். ஆகவே பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டும். நான் இங்கே எழுத முற்படுவது, சினிமாவில் கஞ்சா புகைப்பவனைக் காட்டி மக்களைச் சிரிக்க வைத்த வழக்கம் பற்றியும், அந்தச் சிரிப்பு மலையேறி எங்கள் வீட்டிற்குள் வந்து என் அண்ணனின் கல்யாணத்தை எடுத்துக்கொண்டு போனது பற்றியும் ஆகும்.

எழுபதுகளின் பிற்பகுதியில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், போளூர் செல்லும் சாலையை ஒட்டி ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. மலையிலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டுபோய் விற்கும் நாட்களில் நாங்களும் அங்கே மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறோம். அக்காலத்துப் படங்களில் கதைக்குச் சம்பந்தமில்லாமல் நகைச்சுவைப் பகுதி என்று தனியே ஒன்று ஓடும். அதில் ஏதாவது ஓரிடத்தில் ஒரு கஞ்சாக்காரன் வந்துவிடுவான். அவன் பெரும்பாலும் சடைமுடியோடு மலையிலிருந்து இறங்கி வருபவனாகவே இருப்பான். கண்கள் சிவந்திருக்கும். சமதரையில் படி ஏறுவதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைப்பான். எருமையைப் பார்த்து மாமியாரே என்று விழுந்து கும்பிடுவான். ஒரு படத்தில் கல்யாண வீட்டுப் பாயசத்தில் கஞ்சாவைக் கலந்துவிட, ஐயர் முதல் நாதசுரக்காரர் வரை எல்லோரும் ஆடினார்கள். அந்தப் படம் அடிவாரத்தில் பல வாரங்கள் ஓடியது. ஜனங்கள் கதையின் மற்ற பகுதிகளில் வெளியே போய்ச் சுருட்டுப் பிடித்துவிட்டு, அந்தக் காட்சி வரும் நேரத்திற்குச் சரியாக உள்ளே வருவார்கள். நாங்களும் சிரித்தோம். என் அண்ணனும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

உண்மையில் கஞ்சா புகைப்பவர் ஒருவரை எங்களுக்குத் தெரியும். ஜமுனாமரத்தூர் சந்தை கூடும் இடத்திற்கு அப்பால், பிறருடைய மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தவர். பாறையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். வலி தாங்காமல் அந்தப் பழக்கத்திற்குப் போனவர், பிறகு அதிலிருந்து மீளவே இல்லை. புகைத்துவிட்டால் ஒரு கல்லைப்போல் உட்கார்ந்திருப்பார். மழை வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். மாடு பயிரில் இறங்கிவிட்டது என்று திட்டினாலும் திரும்ப மாட்டார். அவரிடம் யாரோ, "இன்னா பெரியவரே, படத்துல உன்ன மாதிரி ஒருத்தன் ஆடறானே, பாத்தியா?" என்று கேட்டதற்கு, "ஆடறதுக்குக் காலு வேணும்டா. எனுக்கு ஏது?" என்று மட்டும் சொன்னார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்க வைப்பதற்காக அதைச் சொல்லவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

நிற்க. என் அண்ணனுக்குப் பெண் பேசியது அடிவாரத்து ஊர் ஒன்றில். அவர்களும் எங்களவர்களே. அவர்களுடைய பாட்டன் காலத்தில் மலையை விட்டு இறங்கிக் கிணறு வெட்டி நெல்லும் கடலையும் பயிரிட்டு அங்கேயே நிலைத்துவிட்டார்கள். அந்தப் பெண் ஒருமுறை தாயுடன் சந்தைக்கு மலையேறி வந்திருந்தாள். எங்கள் கடுக்காய்க் கூடையை ஒவ்வொரு காயாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புழு வெச்ச காயெல்லாம் அடியில போட்டு வெச்சிகினு, மேல மட்டும் நல்லா அடுக்கியிருக்கீங்களே, இதுக்கே தனியா கூலி குடுக்கணும்" என்றாளாம். அதை அண்ணன் வீட்டில் வந்து அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். கேட்கிற நாங்கள் சலித்துப்போனோம். சொல்கிற அவர் சலிக்கவில்லை. பெரியவர்கள் பேசி முடித்தார்கள். தை மாதத்தில் பரிசம் போட நாள் வைத்தாயிற்று.

பரிசம் போடப் போவதற்கு எங்கள் குடும்பங்களில் ஒரு முறை உண்டு. அன்று காலையில், அந்த ஆண்டு எங்கள் காட்டில் விளைந்த வரகில் சோறு ஆக்க வேண்டும். மாப்பிள்ளை அதில் வயிறு நிறைய உண்டு, சட்டியின் அடிச்சோறு வரை மீதி வைக்காமல் வழித்துத் தின்றுவிட்டே வாசலைத் தாண்ட வேண்டும். அதே சோற்றில் ஒரு பங்கை இலையில் கட்டிப் பெண் வீட்டிற்கு எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே அவர்கள் வீட்டுச் சோற்றோடு அதைப் பிசைந்து இரு வீட்டாரும் ஆளுக்கு ஒரு கவளம் உண்ட பிறகுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

அந்த ஆண்டு கார்த்திகையில், அறுத்துப் போர் போட்டிருந்த வரகின்மேல் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து புழுங்கிய வரகில் சில வேளைகளில் ஒரு நஞ்சு ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. தின்றவனுக்குத் தலை சுற்றும், கை கால் நடுங்கும், நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறும், கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. ஒரு பகல் போனால் தெளிந்துவிடும். எங்கள் பக்கத்தில் அதற்கு வரகு மயக்கம் என்று பெயர். மலையில் இதை அறியாதவர் இல்லை. என் தாயார் அந்த வரகைப் பலமுறை வெயிலில் காயவைத்து, பலமுறை கழுவி, முன்னதாகவே இரண்டு வேளை ஆக்கித் தின்றும் பார்த்தார். ஒன்றும் நேரவில்லை. போரின் உட்புறத்திலிருந்து வந்த தானியம் எந்தப் பானையில் இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

அண்ணன், தாயார், தாய்மாமன், நான் ஆகிய நால்வரும் காலையில் புறப்பட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். நாங்கள் மூவரும் பேருக்குத்தான் உண்டிருந்தோம். அண்ணன் முறைப்படி சட்டியை வழித்திருந்தார். பாதி மலை இறங்கும்போது தாயார் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். அடிவாரத்து ஏரிக்கரையை அடைந்தபோது அண்ணனின் கண்கள் செம்பருத்திபோல் சிவந்துவிட்டன. கரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், தரை ஆடுதுடா" என்றார்.

தாயார் அழத் தொடங்கினார். "வரகுடா. பாழாப்போன வரகு! அண்ணா, திரும்பிப் போய்டலாம். இன்னொரு நாளு வரலாம்" என்று மாமனிடம் கெஞ்சினார்.

"நீ சும்மா இரும்மா" என்றார் மாமன். "பரிசத்துக்குக் கெளம்பினவன் பொண்ணு வூட்ல குந்தாம திரும்பினா, அந்தப் பொண்ண வேணாம்னு சொன்ன மாதிரி. அப்புறம் எந்த மூஞ்ச வெச்சிகினு வர்றது? மெதுவா இட்டுகினு போலாம். சொன்னா புரிஞ்சிக்குவாங்க. அவங்களும் வரகு துன்ன வம்சந்தானே."

எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. கையிலிருந்த இலைக்கட்டை அங்கேயே எறிந்துவிட வேண்டும் என்பது அந்தப் பதற்றத்தில் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. இரண்டு தலைமுறையாக நெல்லுச்சோறு உண்டவர்களுக்கு வரகு மயக்கம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் அறிந்திருந்த மயக்கம் கொட்டகைத் திரையில் பார்த்த ஒன்றே.

பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பாய் விரித்து, ஊர் ஜனம் கூடியிருந்தது. பெண்ணின் தகப்பனார் எழுந்து வந்து, "வாங்க வாங்க" என்று கை கூப்பினார். நான் அண்ணனின் கையைப் பிடித்திருந்தேன். மாப்பிள்ளை பிறர் கையைப் பிடித்துக்கொண்டு வருவது அழகல்ல என்று எண்ணினார் போலும், பந்தலுக்குள் நுழையும்போது கையை விடுவித்துக்கொண்டார். விடுவித்துக்கொண்டு ஓரடி வைத்தார். தரை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர், காலை முழங்கால் உயரத்திற்குத் தூக்கி, காற்றில் தேடி, பிறகு வைத்தார். மறு காலையும் அப்படியே வைத்தார்.

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான்.

பெண்ணின் சித்தப்பா ஒருவர் இருந்தார். கெட்ட மனிதர் அல்லர். எந்தப் பந்தலிலும் நாலு பேரைச் சிரிக்க வைக்காவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. அவர் எழுந்து நின்று, "யோவ், வழி வுடுங்கய்யா! மாப்ள மலை ரோட்ல இன்னும் எறங்கிகினே கீறாரு, கியர மாத்தட்டும்!" என்றார். பந்தல் அதிர்ந்தது. அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் தாமும் சிரித்தார். சிவந்த கண்ணும், தடித்த நாக்கும், அந்தச் சிரிப்பும் சேர்ந்தபோது திரையில் வந்தவன் நேரில் வந்துவிட்டான்.

"அட, அவனேதான்யா! சடை மட்டுந்தான் இல்ல!"

"கொட்டாய்ல மண்ணுல குந்திப் பாத்தோம். இங்க பாய் போட்டுக் காட்டறாங்க!"

பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் பெண்ணின் தகப்பனாரிடம் சென்று கும்பிட்டுச் சொன்னேன். "மாமா, கொஞ்சம் கேளுங்க. அண்ணன் வெத்தல பாக்குகூட போடாதவரு. காலைல துன்ன வரகு. மழைல நனைஞ்சது. சாய்ங்காலத்துக்குள்ள தெளிஞ்சிடும்ங்க. கொஞ்சம் படுக்க எடம் குடுங்க."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "வரகு துன்னா வயிறு நெறயும். போத ஏறுமா? மலைய வுட்டு எறங்கி வந்துட்டம்ன்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிகினியா?"

"சத்தியமா வரகுங்க."

"கஞ்சா வெளையற மலைன்னு ஊரே சொல்லுது. நான்தான், எல்லாரும் அப்பிடி இல்லன்னு சொல்லிகினு இருந்தேன். எம் மூஞ்சில கரியப் பூசிட்டீங்களேப்பா."

அதைக் கேட்ட எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒருங்கே வந்தன. என்ன சொன்னால் நம்புவார்கள் என்று தெரியவில்லை. அப்போதுதான், மலையில் சந்தேகப்பட்ட வரகை முதலில் கோழிக்குப் போட்டுப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. நாங்கள் இலையில் கட்டிக்கொண்டு வந்திருந்த சோற்றை அவிழ்த்து ஒரு கைப்பிடி அள்ளி, வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழியின் முன் போட்டேன். "இது வரகுன்னா கோழிக்கும் சுத்தும். நீங்களே பாருங்க" என்றேன். எல்லோரும் வட்டம் கட்டி நின்றார்கள். கோழி ஆவலாகத் தின்றது. நெடுநேரம் ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா, "கோழிக்குப் பரிசம் போட்டாச்சி, முகூர்த்தம் எப்போ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜனம் கலையவும் இல்லை. பிறகு கோழி தலையைச் சாய்த்தது. ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்று, பக்கவாட்டில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது.

நான் சொன்னது மெய்யாயிற்று என்று நெஞ்சு விம்மி நிமிர்ந்தேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் தரையில் உட்கார்ந்தே விட்டார். "கோழியுங் கஞ்சா அடிச்சிடுச்சி!" என்று ஒரு பெண்பிள்ளை கத்தினாள். சிரிப்பினூடே சித்தப்பாவின் முகம் திடீரென்று மாறியது. அவர் அந்த இலைக்கட்டைப் பார்த்தார்.

"அண்ணே" என்று பெண்ணின் தகப்பனாரைக் கூப்பிட்டார். இம்முறை அவர் குரலில் வேடிக்கை இல்லை. "இத்த நம்ம சோத்துல பெசஞ்சி நம்மளயும் துன்ன சொல்லியிருப்பாங்க இல்ல? படத்துல பாயசத்துல கலந்தானே, அந்தக் கதையாக் கீதே!"

சிரித்துக்கொண்டிருந்த வரையில் அவர்கள் எங்களை ஏளனம்தான் செய்தார்கள். இப்போது அஞ்சினார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். என் மாமன் முன்னே வந்து, "எம் மருமவன் மேல பழி போடாதீங்க! தோ, நானே துன்றேன் பாருங்க" என்று அந்தச் சோற்றை இரண்டு கைகளாலும் அள்ளி வாயில் திணித்துக்கொண்டார். "கஞ்சாக்காரன் கஞ்சா துன்னா இன்னா ஆவப்போவுது?" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். மாமன் வாய் நிறையச் சோற்றுடன் நின்றார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

சினிமாக்காரர்கள் உண்மையில் கஞ்சா புகைப்பவரைப் பார்த்து அந்தக் காட்சியை எடுத்திருந்தால் எங்கள் மாடு மேய்ப்பவரைப்போல் கல்லாய் உட்கார்ந்திருக்கும் ஒருவரை அல்லவா காட்டியிருப்பார்கள்? அதைப் பார்க்க யார் வருவார்கள்? அவர்கள் தம் மனத்திலிருந்து ஓர் ஆட்டத்தை உண்டாக்கினார்கள். அந்த ஆட்டம் கஞ்சாவுக்குப் பொருந்தவில்லை. எங்கள் கெட்ட வரகுக்கு அடி பிசகாமல் பொருந்திவிட்டது. இதை இப்போது எழுத முடிகிறது. அன்று அந்தப் பந்தலில் இதை எடுத்துச் சொல்ல எனக்கு வார்த்தையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

இதற்கிடையில் அண்ணன் பாயின் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். அவர் சண்டையைக் கவனிக்கவில்லை. வீட்டின் உள்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அங்கே பார்த்தேன். அந்தப் பெண், பட்டுடுத்திப் பூ வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். முதலில் அழுகிறாள் என்றே நினைத்தேன். அவள் தோள்கள் குலுங்கிய விதம் அழுகையுடையதாக இல்லை. கோழி இன்னும் வாசலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. பாவம், சிறு பெண். சிரிக்கக் கூடாது என்று அவள் பட்ட பாடு தெரிந்தது. அண்ணன் முகத்தில் அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பு அப்போது போயிற்று.

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். ஒருவரும் அடிக்கவில்லை, கை நீட்டவில்லை. "பாத்து போங்கப்பா, படி இருக்குது" என்று இல்லாத படியைக் காட்டி ஒருவர் வழியனுப்பினார். ஏரிக்கரையில் ஒரு மர நிழலில் அண்ணனையும், வாயிலிருந்ததை வழியில் விழுங்கிவிட்டிருந்த மாமனையும் படுக்க வைத்து, புளித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தோம். வெயில் தாழ்ந்தபோது அண்ணன் தெளிந்து எழுந்து, ஒருவர் உதவியும் இல்லாமல் மலையேறினார். அந்த நேரான நடையைப் பார்க்க அடிவாரத்தில் யாரும் நிற்கவில்லை.

அடுத்த பட்டம் விதைப்பதற்கு முன் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. வேறு மலை ஊரிலிருந்து வந்த ஓர் உறவினர் விஷயத்தைக் கேட்டு, "அட மடையனுங்களா, அது வரகு" என்று திட்டினாராம். பெண்ணின் தகப்பனார் தம் தவறுக்கு வருந்துவதாகவும், மறுபடி நாள் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியனுப்பினார். தாயார் மகிழ்ச்சியில் வந்தவருக்குத் தினைமாவில் தேன் கலந்து கொடுத்தார். அண்ணன் மட்டும் வேண்டாம் என்றார்.

தாயார் கெஞ்சினார், மாமன் திட்டினார், நான் தனியே அழைத்துக் கேட்டேன். "அதான் அவங்களே ஒத்துகினாங்களே. இன்னும் இன்னா கோவம்?"

"கோவம்லாம் இல்லடா" என்றார். "அது நல்ல பொண்ணு. நாளைக்கி நான் ஏர் ஓட்டிட்டு வூட்டுக்கு வரும்போது, ஒரு கல்லு தடுக்குனா அவளுக்கு அந்தக் கோழி ஞாபகம் வரும். சிரிக்க மாட்டா, அடக்கிக்குவா. அவ அடக்கறத பாத்துகினு நான் எத்தினி காலம் நடக்கறது?"

அந்தப் பெண்ணை வேறிடத்தில் கொடுத்தார்கள். அண்ணனுக்கு வேறு பெண் பார்க்க எடுத்த முயற்சி எதற்கும் அவர் இசையவில்லை. எண்பதுகளில் ஜமுனாமரத்தூரில் வாடகைக்கு டிவியும் வீடியோவும் கொண்டுவந்து திருவிழாவில் படம் போடும் பழக்கம் வந்தது. அவற்றிலும் அதே கஞ்சாக்காரன் வேறு வேறு முகத்தோடு வந்தான். அவன் வரும்போது அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போவார். எங்களிடம் அப்போது மாடு இல்லை.

பின்னொரு நாள் நாங்கள் இருவரும் புளி விற்றுவிட்டுப் போளூர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்தவர், முன்பின் அறியாதவர், நாங்கள் மலைக்காரர் என்று கண்டு பேச்சுக் கொடுத்தார். "உங்க மலைலேர்ந்து ஒரு மாப்ள கஞ்சா அடிச்சிட்டுப் பொண்ணு பாக்க வந்தானாமே, கேள்விப்பட்டீங்களா?" என்று தொடங்கிக் கதையைச் சொன்னார். அவர் கதையில் கோழி கூத்தே ஆடியது. மாப்பிள்ளை எருமையைக் கும்பிட்டார். நன்றாகவே சொன்னார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எழ முயன்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். முழுவதையும் கேட்டுவிட்டு அவரிடம், "அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சி?" என்றார்.

"அது இன்னா பண்ணும்? அதுவுஞ் சிரிச்சிது."

"அப்பிடியா" என்றார் அண்ணன். பேருந்து வந்தது. ஏறிவிட்டோம்.

அண்ணன் இப்போது இல்லை. தாயாரும் மாமனும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். அந்தக் கதையை மட்டும் அடிவாரத்தில் இன்றும் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகள் காலத்திலும் சொல்வார்கள். அதைத் தடுக்க என்னால் ஆகாது. நான் எழுதியுள்ள இது வேறெங்கும் இல்லை. ஐயா, அம்மையீர், இத்தாள்களை எறிந்துவிடாமல் எங்காவது ஓரிடத்தில் வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.